அல்லியின் காய்க்குளியல்

காட்டுக்கு நடுவே ஒரு குளம் இருந்தது. குளத்தில் ஓர் அல்லி வாழ்ந்தது. அதன் இலைக்கு அடியில் ஒரு நத்தை குடியிருந்தது. கரைப் பாறையில் ஒரு பாசி ஒட்டிக்கொண்டிருந்தது. பாசியை யாரும் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை.

அல்லிக்கு ஒரு வழக்கம் உண்டு. பூ வாடியதும் அதன் தண்டு சுருண்டு நீருக்குள் இறங்கும். அங்கேதான் காய் முற்றும். அப்போது சேற்றிலிருந்து நுண்ணுயிர்கள் வந்து, காயைச் சுற்றி வழவழவென்று ஒட்டிக்கொள்ளும். உடனே அல்லி நத்தையைக் கூப்பிடும். நத்தை தன் சொரசொரப்பான நாக்கால் காயை வழித்துப் பளபளப்பாக்கிவிடும். இதற்குக் காய்க்குளியல் என்று பெயர். நத்தைக்கோ அது வயிறார விருந்து!

அந்த ஆண்டு மழை பொய்த்தது. குளம் பாதியாகச் சுருங்கியது. பூக்களெல்லாம் கருகி, அல்லிக்கு மிஞ்சியது ஒரே ஒரு காய்தான். அதற்குள் முப்பது விதைகள் இருந்தன.

அந்தக் காயைத் தேடி நுண்ணுயிர்கள் வந்தன. அவை எப்போதும் ஒரே குரலில்தான் பேசும்.

"தாயே, குளம் வத்தப் போகுது! நாங்க எத்தனையோ கோடையில காஞ்சு தூசியாகி, மழை வந்ததும் எழுந்தவங்க. அந்த வித்தை எங்க உடம்புக்குள்ளயே எழுதியிருக்கு. உங்க விதைக்கு இன்னும் தோல் இறுகல. இப்ப உள்ள விட்டா, அதை உங்க பிள்ளைங்களுக்குக் கொடுத்துடுவோம்!"

அந்த எழுத்தை நாம் மரபணு என்போம். காட்டில் அதற்குப் பெயரெல்லாம் கிடையாது.

"என் பிள்ளைங்க பிழைச்சுக்குமா?" என்று அல்லி கேட்டது.

"உறுதியாச் சொல்ல முடியாது தாயே. எங்கள்ல ஆயிரம் பேர் நுழைஞ்சா, ஒருத்தர் கொடுக்கிறது ஒட்டலாம். ஆனா வேற வழி இல்ல."

அல்லி யோசித்தது. இலைக்கு அடியில் நத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. இவை உள்ளே போய்விட்டால் நாளைக்கு எதைத் தின்பது?

"அல்லியம்மா! உங்க வம்சம் என்ன, இதுங்க வம்சம் என்ன! சேத்துல கிடக்கிறதோட சமாச்சாரம் உள்ள போனா, பொறக்கிறது அல்லியாவா இருக்கும்? ஊர் சிரிக்கும்!"

ஊராம், ஊர்! குளமே வற்றும்போது சிரிப்பதற்கு யார் இருக்கப்போகிறார்கள்? ஆனால் அந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது.

"நத்தையண்ணே, குளிப்பாட்டி விடுங்க!" என்றது அல்லி.

நத்தை ஒரு சொட்டு விடாமல் வழித்துத் தின்றது. அதற்கு முன்பே காயைவிட்டு நழுவித் தப்பிய கொஞ்சம் நுண்ணுயிர்கள் கரைப் பாறைக்கு ஒதுங்கி, பாசியிடம் அதே சேதியைச் சொல்லின.

"எனக்கு என்ன பெரிய வம்சம்! உள்ள வாங்க" என்றது பாசி. "ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் பிழைப்பேனா?"

"மாட்டே. பிழைச்சா உன் பிள்ளைங்கதான்."

"சரி, அது போதும்" என்றது பாசி.

குளம் வற்றியது. சேறு பாளம் பாளமாக வெடித்தது. அல்லியின் காய் பிளந்து, முப்பது விதைகளும் வெயிலில் சிதறின.

"நத்தையண்ணே! என் பிள்ளைங்களை அந்த வெடிப்புக்குள்ளயாவது தள்ளி விடுங்களேன்! உங்களைக் கும்பிடறேன்!"

"எனக்கே ஈரம் பத்தல அல்லியம்மா" என்றது நத்தை. ஓட்டுக்குள் சுருண்டு, ஓட்டு வாயின் மூடியை இறுக்கிக்கொண்டது.

விதைகள் ஒவ்வொன்றாகச் சுருங்குவதை அல்லி பார்த்துக்கொண்டே கிடந்தது. முப்பதாவது விதை சுருங்கிய மறுநாள் அல்லியும் செத்தது. பாறையில் பாசி கருகிப் பொடியானது. அந்தப் பொடிக்குள் அதன் பிள்ளைகள் காய்ந்து கிடந்தன.

அடுத்த ஆண்டும் மழை இல்லை. அதற்கு அடுத்த ஆண்டுதான் வானம் இரங்கியது. குளம் நிறைந்தது. பாறை முழுவதும் பச்சைப் பசேலென்று பாசிப் பிள்ளைகள் எழுந்தன.

நத்தையும் மூடியைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. "அல்லியம்மா! அல்லியம்மா!" என்று கூப்பிட்டது.

"அப்படி யாரும் இங்க இல்லையே! அல்லின்னா என்ன?" என்று கேட்டன பாசிப் பிள்ளைகள்.

நத்தை தலையை நிமிர்த்திப் பார்த்தது. மேலே இலை இல்லை. வெறும் வானம்தான் இருந்தது. அந்த வானத்திலிருந்து ஒரு நாரை இறங்கியது. நத்தைகளைக் குத்தித் தின்றே வளர்ந்த நாரை அது.

"அட, நீதானா! இலை மறைவுல உன்னைக் கண்டுபிடிக்கவே முடியாம எத்தனை நாள் பட்டினியாத் திரும்பியிருக்கேன்!"

"நாரையாரே, விட்டுடுங்க! என்னைக் காப்பாத்த ஒரு அல்லி இருந்துச்சு..."

"இருந்துச்சு. இப்ப இல்லையே!" என்றது நாரை. அலகு மூடியது. ஓடு நொறுங்கும் சத்தம் பாறைவரை கேட்டது.

தாழ்ந்தவர் என்று நாம் விரட்டுகிறவரிடமே நம் பிள்ளைகள் பிழைக்கும் வழி இருக்கலாம். தன் வயிற்றுக்காகக் குலப்பெருமை பேசி அந்த வழியை அடைப்பவன், தனக்கு நிழல் தந்தவரையும் கொன்று தானும் அழிவான்.