அஞ்சலையின் தேக்கிலைப் பத்திரம்

இலுப்பைத் தோப்பில் அஞ்சலை என்றொரு அணில் இருந்தது. பக்கத்துக் கடலைக் காட்டில் பொறுக்கியதில் பாதியைத்தான் தின்னும். மீதியைக் கால் தளர்ந்த காலத்துக்கு என்று சேர்த்து வைக்கும். மரமேற முடியாத அணிலுக்கு யார் சோறு போடப்போகிறார்கள்?

சேர்த்ததை எல்லாம் ஒரு மரநாயிடம் கொடுத்தது. அந்த மரநாய்க்குப் பெரிய பொந்து இருந்தது, அதைவிடப் பெரிய வாய் இருந்தது. கடலை கொடுப்பவர்களுக்கெல்லாம் ஒரு தேக்கிலையில் தன் கால் தடத்தைப் பதித்துக் கொடுக்கும். "இதுதான் பத்திரம். வயசான காலத்தில் இதைக் காட்டினால், கொடுத்ததுக்கு மேலேயே அள்ளித் தருவேன்" என்று சொல்லும்.

அஞ்சலைக்கு அவ்வப்போது சந்தேகம் வரும். "அண்ணே, என் கடலை பத்திரமா இருக்கா?" என்று கேட்கும்.

"என்ன தங்கச்சி இப்படிக் கேக்குறே? பத்திரம்தான் உன் கையிலேயே இருக்கே!"

அட, ஆமாம் என்று அதுவும் வீடு திரும்பிவிடும். பாவம், கேட்டது ஒன்று, கிடைத்த பதில் வேறொன்று என்று அதற்கு உறைக்கவே இல்லை.

தவிர, தோப்பே கூடிக் காவலுக்கு வைத்த மரங்கொத்தி இருந்தது. மாதாமாதம் வந்து பொந்து மரத்தைத் தட்டும். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஊருக்கே கேட்கக் கத்தும். அப்புறம் என்ன பயம்?

வயசான பிறகு ஒரு மழைக்காலத்தில் அஞ்சலையின் பின்னங்கால் மடங்கிப்போனது. தேக்கிலையைக் கவ்விக்கொண்டு நொண்டி நொண்டி வந்தது. மரநாயைக் காணோம். பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. வாய்வரை கடலை இருந்தது. அப்பாடா என்று ஒன்றை எடுத்துக் கடித்தது.

வெறும் தோல். இன்னொன்றைக் கடித்தது. அதுவும் தோல்தான். அடிவரை தோண்டிப் பார்த்தது. ஒரு பருப்புகூட இல்லை. பாவி மரநாய், பருப்பைத் தின்றுவிட்டு, தோலை மட்டும் போட்டு நிரப்பிவிட்டு ஓடிப்போயிருந்தது.

அஞ்சலை போட்ட கூச்சலில் தோப்பே கூடிவிட்டது. எல்லார் கையிலும் தேக்கிலை. ஆளாளுக்குப் பொந்தில் இருந்த தோலை அள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் மைனாதான் மரங்கொத்தியைப் பிடித்தது.

"மாசாமாசம் தட்டிப் பார்த்தீரே, என்னத்தைப் பார்த்தீர்?"

"மரத்தைத் தட்டிப் பார்த்தேன். மரம் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே இருப்பதை உரித்துப் பார் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லையே" என்றது மரங்கொத்தி.

கேட்டீர்களா அநியாயத்தை! அதன் புதுக் கூடு அதே மரத்தின் உச்சிக்கிளையில் இருப்பதை அப்போதுதான் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மரநாய் சும்மா கொடுத்த இடம் அது.

மரங்கொத்தியைத் துரத்தினார்கள். இனி யார் அடுத்தவர் கடலையை வாங்கிப் பொந்தில் வைத்தாலும், ஊர் கண்முன்னே அள்ளி உரித்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நல்ல சட்டம்தான், ஆனால் அஞ்சலைக்கு அதனால் ஒரு பருப்பும் திரும்பி வரவில்லை. மழையில் நனைந்த தேக்கிலை அதன் கையிலேயே கிழிந்து விழுந்தது. மடங்கிய காலை இழுத்துக்கொண்டு, அந்த வயதில், அது மறுபடியும் கடலைக் காட்டுக்குப் பொறுக்கப் போனது.

பத்திரம் கையில் இருப்பதால் மட்டும் பொருள் பத்திரமாக இருந்துவிடாது. கொடுக்கும் முன்பே பொந்தில் இருப்பதை உரித்துப் பார்க்க வேண்டும், காவல்காரன் யார் வீட்டில் குடியிருக்கிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.