ஒயரைக் கழட்டின பிறகு

தணிகாசலத்துக்கு அம்பத்திரெண்டு வயசு. பாலிடெக்னிக் வாத்தியார். சனிக்கிழமையானா பல்கலைக்கழக லேபுக்கு வந்துடுவாரு, ஆராய்ச்சி மாணவனா. அவருக்கு வழிகாட்டி ஆக்னஸ் மேடம், அவரைவிட பத்து வயசு சின்னவங்க. இவரு "மேடம்"பாரு, அவங்க "சார்"பாங்க. வெளியாள் பாத்தா யாருக்கு யாரு வாத்தியார்னே தெரியாது.

அன்னைக்கு வந்தவரு பைய கூட எறக்கி வைக்கல.

"மேடம், ஒண்ணு கேக்கணும். பாடம் இல்ல."

"கேளுங்க சார்."

"பையன் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. பைக்ல போனவன். என் வீட்டுக்காரி கோமளா இன்னும் அழல. எது சொன்னாலும் 'சரி'ங்கறா. சாப்டுன்னா சரி. தூங்குன்னா சரி. நேத்து கெஞ்சிட்டேன் மேடம். 'ஒரு தடவ வாய்விட்டு அழுதுடு கோமளா'ன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னா. எந்திரிச்சுப் போயி ரசத்துக்குப் புளி கரைச்சா."

மேடம் அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாங்க. அப்பறம், "போன வாரம் எடுத்த ரீடிங் எங்க சார்?"ன்னாங்க.

அவரு நோட்டைக் காட்டினாரு. பூரா சைபர்.

"எப்படி செஞ்சீங்க?"

"அந்தப் பளிங்குச் சில்ல திரவ நைட்ரஜன்ல நல்லா குளிர வச்சேன். அப்பறம் வோல்ட் குடுத்தேன். ஆயிரம் வரைக்கும் ஏத்திப் பாத்துட்டேன். அசையவே இல்ல."

"குளுந்து கெடக்கறப்ப எவ்வளவு குடுத்தாலும் உள்ள இருக்கற துணுக்கு எதுவும் திரும்பாது சார். சூடா இருக்கறப்ப குடுங்க. குடுத்துக்கிட்டே குளிர வைங்க."

நகக்கண் அளவுக்கு ஒரு பளிங்குச் சில்லு. ரெண்டு பக்கமும் தகடு. அதைச் சூடாக்கி, வோல்ட் குடுத்துக்கிட்டே திரவ நைட்ரஜனை ஊத்தினாரு. வெள்ளையா பொக பொகஞ்சு அடங்குச்சு.

"இப்ப வோல்ட் ஒயரைக் கழட்டுங்க. மீட்டரை மட்டும் மாட்டுங்க."

"மாட்டிட்டேன்."

"எவ்வளவு காட்டுது?"

"சைபர்."

"அப்ப எல்லாம் மறந்துடுச்சா?"

"அப்படித்தான் தெரியுது மேடம்."

"சூடு பண்ணுங்க. நிமிஷத்துக்கு ரெண்டு டிகிரி."

ரெண்டு டிகிரின்னா மதியம் பூரா உக்காரணும். அவருக்குப் பொறுக்கல. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பின நேரம் பாத்து சூட்டுக் குமிழை வேகமா திருகிட்டாரு.

டக்.

சில்லு ரெண்டா வெடிச்சிடுச்சு.

மேடம் திரும்பியே பாக்கல. மேசையிலேருந்து இன்னொரு சில்ல எடுத்து அவரு பக்கம் நகத்தினாங்க, அவ்வளவுதான்.

மறுபடி சூடு, வோல்ட், நைட்ரஜன். மறுபடி ஒயரைக் கழட்டினாரு. இந்தத் தடவ சூட்டை ரெண்டு டிகிரியிலயே விட்டுட்டு, கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்தாரு. டிபன் டப்பா தொறக்காமயே கெடந்துச்சு. வெளிய வெயில் எறங்குச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு மீட்டர்ல எண்ணு அசைஞ்சுது. அப்பறம் ஏறுச்சு. ஏறிக்கிட்டே போச்சு.

"மேடம்! வோல்ட்டே இல்லயே. ஒயரைத்தான் கழட்டிட்டோமே. எங்கேருந்து வருது?"

"நீங்க குடுத்ததுதான் சார்."

"நான் எப்ப குடுத்தேன்?"

"அது சூடா இருக்கறப்ப. உள்ள இருக்கறதெல்லாம் நீங்க திருப்பின பக்கமே திரும்பி உறைஞ்சு போச்சு. இப்பதான் எளகுது."

அவரு மீட்டரையே பாத்துக்கிட்டிருந்தாரு. எண்ணு ஏறி, நின்னு, மெல்ல எறங்க ஆரம்பிச்சுது.

"நான்தான் மேடம் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க சார்?"

"அவனை நடுவீட்டுல கெடத்தியிருந்தாங்க. அவ கத்திக்கிட்டு ஓடி வந்தா. நான் கையப் புடிச்சு நிறுத்தி, 'அழாத கோமளா, நீ அழுதா நான் ஒடைஞ்சிடுவேன்'னேன். அப்பதான் மொத மொத சொன்னா. சரின்னு."

எண்ணு சைபருக்கு வந்து நின்னுச்சு. அவரு அதை நோட்டுல எழுதிக்கல. பைய எடுத்துத் தோள்ல மாட்டினாரு. கதவு வரைக்கும் போயி நின்னாரு.

"இப்ப வீட்டுக்குப் போயி அவகிட்ட என்னன்னு மேடம் கேக்கறது?"

"ஒண்ணும் கேக்காதீங்க சார். இன்னைக்குப் புளிய நீங்க கரைங்க. வெந்நீர்ல."