பாதபூசைக்காரர்

"பதினோரு வருசமா உங்க காலைக் கழுவுதேன். எனக்கு இன்னும் ஒண்ணும் விடியலியே அம்மா" என்று குறைப்பட்டுக்கொண்டார் அழகியநம்பி.

வியாழக்கிழமை காலை. மலையடி மடத்தில் பாதபூசை அப்போதுதான் முடிந்திருந்தது.

நம்பிக்கு வயது அறுபத்திரண்டு. மரக்கடையை மகன்களிடம் விட்டுவிட்டு மடத்தோடு வந்து சேர்ந்தவர். குரு வடிவாம்பாள் அவரைவிட எட்டு வயது இளையவர். தன்னைவிடச் சின்னவர் காலில் விழ, மரக்கடை முதலாளிக்கு முதல் வருடம் இடுப்பு வளையவே இல்லை. பிறகு பழகிவிட்டது. பழகினதோடு விட்டாரா? பாதபூசையைத் தன்னைத் தவிர வேறு யாரும் செய்யக்கூடாது என்று உரிமை கொண்டாடவும் ஆரம்பித்துவிட்டார்.

வடிவாம்பாள் உட்கார்ந்து உபதேசம் செய்கிற ரகம் இல்லை. விடிந்ததும் மலையைச் சுற்றி நடப்பார். கேள்வி உள்ளவர்கள் கூடவே நடக்கவேண்டும். எல்லாருக்கும் வெறுங்கால்தான். செருப்போடு வருகிறவர்களைப் பார்த்து, "காலுக்கும் குடையா?" என்று கேட்பார்.

அன்றைக்கு அவர் நம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"இத்தனை வருசம் கழுவியிருக்கீங்க. என் காலைப் பத்தி ஒண்ணு சொல்லுங்க, பாப்போம்."

"தாமரை அம்மா."

"சரி. அதுக்கு அடியில?"

"சங்கும் சக்கரமும் ரேகையா ஓடும்."

"பாத்தீங்களா?"

நம்பி நெளிந்தார்.

"உள்ளங்காலைத் திருப்பிப் பாக்கது மரியாதை இல்லியே. நீங்க தாம்பாளத்துல வைப்பீங்க. நான் பாலும் தண்ணியும் மேலே ஊத்துவேன். சந்தனம் பூசுவேன். பூவை அள்ளிப் போடுவேன். அவ்வளவுதான்."

அம்மா சிரித்துவிட்டார். குதிகாலில் பாளம் பாளமாகக் கிடக்கும் பித்தவெடிப்பைக் காட்டி, 'இதுதானய்யா உங்க சக்கரம்' என்று கேலி செய்ய நினைத்தார். வலது காலைத் தூக்கித் திருப்பினார்.



பெருவிரலுக்குக் கீழே வழிந்து ஒட்டிய சந்தனம் பெயர்ந்திருந்த இடத்தில், கருவேல முள் ஒன்று ஒடிந்து உள்ளே கிடந்தது. சுற்றிலும் சதை கறுத்து, இலந்தைப்பழம் அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

"எப்பம்மா குத்துச்சு?"

"தெரியலியே."

ஒரு கேள்விக்கு அம்மா விடை தெரியாமல் விழித்ததை நம்பி அன்றைக்குத்தான் பார்த்தார்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் காலை விளக்கில் காட்டிப் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கம் என்றார். முள்ளை எடுத்தபோது அம்மாவின் முகத்தில் சின்னச் சுளிப்புகூட இல்லை. டாக்டர் அதைக் கவனித்தார்.

"காலைத் தினமும் பார்க்கமாட்டீங்களாம்மா? கூட இருக்கிறவங்க ஒருத்தர்கூடவா பார்க்கலை?"

வாசலில் நின்ற நம்பி தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் பார்க்கிறவன் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

விஷம் எலும்பு வரை ஏறிவிட்டது. பதினைந்து நாள் போராடிப் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

நம்பி இரண்டு மாதம் மடத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. எந்த முகத்தோடு போவது? வியாழக்கிழமை வந்தால், மகன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பூசைத் தாம்பாளத்தை எடுத்துத் துலக்குவார். துலக்கிவிட்டு அப்படியே கவிழ்த்து வைப்பார்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கிளம்பிவிட்டார்.

மடம் வெறிச்சோடிக் கிடந்தது. நடக்காத குருவின் பின்னால் யார் வருவார்கள்? அம்மா பூசை மண்டபத்தில் ஒரு நாற்காலியில் இருந்தார். வலது பக்கம் புடவை தொளதொளவென்று தொங்கியது. நம்பி அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தார். பிறகு கொட்டிவிட்டார்.

"முள்ளைப் பாக்கதுக்கு முந்தி மூணு வாரமாத் தாம்பாளத்துல ஒரு வாடை அடிச்சுதும்மா. பால் கெட்டுப்போச்சுன்னு பால்காரி செண்பகத்தைக் கண்டபடி ஏசினேன். பச்சைக் கற்பூரத்தைக் கொஞ்சம் கூடக் கரைச்சேன். கழுவுன தண்ணி சிவப்பாத்தான் ஓடுச்சு. குங்குமம்னு நெனைச்சேன்."

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"கையில பிடிச்சிருந்த காலும்மா. பூவைப் போட்டு மூடிட்டேனே."

நம்பி வாய்விட்டு அழுதார். அம்மா அவரைத் தேற்றவில்லை.

"நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஒண்ணரை வருசமாக் கால் மரத்துத்தான் கிடந்துச்சு. சித்திரை வெயில்ல பாறை சுடலை. கல்லு உறுத்தலை. உடம்புங்கிற நெனைப்பு நம்மளை விட்டுக் கழலுது, பக்குவம் வந்துட்டுன்னு உள்ளுக்குள்ள ஒரே பெருமை. உங்ககிட்டயும் அதையே பாடமாச் சொன்னேன்."

"ஆமாம்மா. சொன்னீங்க."

"அது பக்குவம் இல்ல நம்பியய்யா. சீக்கு."

அம்மா மலைப் பக்கம் திரும்பினார்.

"நடக்கணும்போல இருக்கு. ஒரே ஒரு சுத்து."

நம்பியால் அதைத் தாங்க முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு பரிகாரம் சொல்லுங்கம்மா. எதுவானாலும் செய்யுதேன். காசிக்கு வெறுங்காலோட நடக்கச் சொன்னாலும் இன்னைக்கே கிளம்புதேன்."

"அந்த பெஞ்சில ஏறி உக்காருங்க. காலை இப்படி நீட்டுங்க."

"என் காலையா?"

"வேற யார் காலு?"

"குரு என் காலைத் தொடுததா? அந்தப் பாவம் எனக்கு எதுக்கும்மா?"

"பரிகாரம் கேட்டது நீங்கதான. நீட்டுங்க."

பெஞ்சை ஒட்டி நாற்காலி கிடந்தது. நம்பி வேறு வழியில்லாமல் காலை நீட்டினார். உடம்பெல்லாம் கூசியது. பதினோரு வருடம் தான் குனிந்த இடத்தில் இப்போது அம்மா குனிவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"ரெண்டு கண்ணையும் மூடிக்கிடுங்க. ஒவ்வொரு விரலாத் தொடுவேன். மெதுவாத்தான் தொடுவேன். தொட்டதும் சொல்லணும்."

நம்பி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

மண்டபத்தில் சத்தமே இல்லை. எங்கோ ஒரு அணில் கத்தியது. அம்மா மூச்சு விடுவது மட்டும் பக்கத்தில் கேட்டது.

தயங்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்தார் நம்பி. அவருக்கும் மனசு வரவேண்டாமா?

"உங்களுக்கும் சங்கடமாத்தான் இருக்கும். வேண்டாம்மா, விட்டுருங்க. இதெல்லாம் தொடவேண்டிய காலா?"

பதில் இல்லை.

"அம்மா?"

"நாலாவது விரலுக்கு வந்துட்டேன் நம்பியய்யா" என்றார் அம்மா.