முள்ளம்பன்றியின் முதுகுச் சட்டை

குழந்தைகளே, பனி கொட்டும் மலைக்காடு ஒன்றில் ஒரு மந்தி வாழ்ந்து வந்தது. கம்பளி பின்னுவதென்றால் அதற்குக் கொள்ளை ஆசை. மேய வரும் செம்மறி ஆடுகளின் ரோமம் முட்புதர்களில் சிக்கியிருக்கும். அதை எடுத்து நூலாகத் திரிக்கும். ஊசிக்கு அதன் நண்பனான முள்ளம்பன்றியின் முட்கள் இரண்டு போதும்.

தொடங்குவதில் மந்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதல் பத்து வரிசை பாட்டும் சிரிப்புமாக ஓடும். பாதியில் கை சலித்துவிடும். அதற்குள் வேறு யாருடைய முகமாவது நினைவுக்கு வந்துவிடும். பின்னியதை ஊசியோடு அப்படியே மரப்பொந்தில் செருகிவிட்டு முள்ளம்பன்றியிடம் ஓடும்.

"ரெண்டு முள்ளு குடு தம்பி. மான்குட்டி கழுத்துக்கு ஒரு துண்டு பின்னணும்."

"போன வாரம் குடுத்தது என்னாச்சுக்கா?"

"அது யானைக்குட்டியோட காலுறையில இருக்கு. உருவினா கண்ணியெல்லாம் அவிழ்ந்துடும்."

முள்ளம்பன்றிக்கு இளகிய மனசு. பல்லைக் கடித்துக்கொண்டு முதுகிலிருந்து இரண்டைப் பிடுங்கிக் கொடுக்கும்.

இப்படியே ஆண்டுகள் போயின. மந்தியின் பொந்து நிரம்பியது. முள்ளம்பன்றியின் முதுகு வழுக்கையானது. அந்த ஆண்டு பனியும் என்றுமில்லாத பனி.

"அக்கா, குளிர் தாங்கல. எனக்கு ஒரு முதுகுச் சட்டை பின்னிக் குடு. இல்லன்னா நான் பிழைக்க மாட்டேன்."

"இதோ, இப்பவே! ரெண்டு முள்ளு குடு."

"நல்லா இருக்கு! மிச்சத்தையும் பிடுங்கிட்டா நான் எங்க போவேன்? பொந்துல இருக்கிறதுல ஒண்ண உருவுக்கா."

மந்தி பொந்துக்குள் கை விட்டது. யானைக்குட்டியின் காலுறைதான் முதலில் வந்தது. அருவித் தண்ணீரை வாரி இறைத்து, மந்தியின் வாலைப் பிடித்து இழுத்து, அந்தக் குட்டி அடித்த கூத்து கொஞ்சமா? அது வளர்ந்து, கூட்டத்தோடு மலை தாண்டிப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மந்திக்குக் கண் கலங்கியது.

"இதையா பிரிக்கச் சொல்றே? இதத் தொட்டாலே அந்தக் குட்டி பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு தம்பி."

"இப்படி ஒரு காலுறை இருக்கிறது அந்தக் குட்டிக்குத் தெரியுமா?"

"முடிச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

குளிரில் முள்ளம்பன்றியின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

மந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு முட்களை உருவியது. காலுறை மளமளவென்று அவிழ்ந்தது. அந்த நூலிலேயே சட்டையைத் தொடங்கியது. பாதியில் வழக்கம்போல் கை சலித்தது. முயலுக்கு ஒரு தொப்பி பின்னினால் என்ன என்றுகூடத் தோன்றியது! பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்த நண்பனைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டு பின்னியது.

கடைசி வரிசையும் வந்தது. அங்கேதான் வந்தது வினை. ஊசியில் வளையம் வளையமாக நிற்கும் கண்ணிகளை எப்படி மூடுவது? இத்தனை ஆண்டுகள் பின்னிய மந்திக்கு அது தெரியவில்லை. ஒரு தடவையாவது அந்த இடத்துக்கு வந்திருந்தால்தானே தெரியும்!

துணிந்து ஊசியை உருவியது. மூன்று வரிசை அவிழ்ந்து போயிற்று. திரும்பவும் பின்னியது. இம்முறை ஒரு கண்ணியைத் தூக்கி அடுத்த கண்ணியின் மேல் போட்டுப் பார்த்தது. அவிழாமல் நின்றது! ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மூடியது. முட்கள் இரண்டும் வெறுமையாகக் கைக்கு வந்தன.

முள்ளம்பன்றி சட்டையை மாட்டிக்கொண்டது. சற்று நேரத்தில் நடுக்கம் நின்றது. அப்படியே சுருண்டு தூங்கிப்போனது.

மந்தி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த நாளில் யானைக்குட்டியின் காலும் இப்படித்தானே குளிரில் நடுங்கியிருக்கும் என்று அப்போதுதான் அதற்குத் தோன்றியது. மந்தி விம்மி விம்மி அழுதது.

நீதி: அன்போடு தொடங்கினால் மட்டும் போதாது, முடித்துக் கொடுத்தால்தான் அந்த அன்பு உரியவரைச் சேரும்.