தயிர்சாதத்தில் கசப்பு

ஒரு விடுகதை. மருந்து கொடுத்தார்கள், நோய் கூடியது. இன்னொன்று சேர்த்தார்கள், இன்னும் கூடியது. மருந்தில் பிழை இல்லை. நோயாளி பொய் சொல்லவும் இல்லை. அப்படியானால் கோளாறு எங்கே?

விடை தெரிந்தவர்கள் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இருங்கள். டாக்டர் ஆதிலட்சுமிக்கு அது தெரிய நான்கு மாதம் ஆயிற்று.

ஆதிலட்சுமி மனநல மருத்துவம் பழக வந்தவள். அன்று அவள் பெரிய டாக்டர் சவரிமுத்துவின் மேசைமேல் ஒரு நோயாளியின் குறிப்பு நோட்டை வைத்தாள்.

"கனிஷ்கா, சார். பதினஞ்சு வயசு. காதுல யாரோ திட்டுற குரல் கேக்குதுன்னு வந்தா. மனச்சிதைவோட ஆரம்பம். முதல் மாத்திரையிலயே குரல் பாதி அடங்கிருச்சு."

"அப்புறம்?"

"சோத்துல விஷம் வைக்கிறாங்கன்னா. துணைக்கு ஒரு மாத்திரை சேர்த்தேன். விஷம் ஜாஸ்தியாயிருச்சுன்னா. இன்னொண்ணு சேர்த்தேன். கை நடுங்குச்சு, அதுக்கு ஒண்ணு. இப்ப மூணு நாளா பட்டினி. குரலும் திரும்பிருச்சு. நாலாவது துணைக்கு எதைச் சேர்க்கலாம், சார்?"

"கல்யாணப் பொண்ணு மாதிரி முதல் மாத்திரை ஒண்ணு. அதுக்குத் தோழி மூணு பேர் பத்தலையா?"

ஆதிலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய டாக்டர் எழுந்து வெளியே போனார். அவள் பின்னால் போனாள்.

கனிஷ்கா வராந்தா பெஞ்சில் எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடை தோளில் வழிந்தது. பக்கத்தில் அம்மா மாரீஸ்வரி. அவள் மடியில் ஒரு டிபன் டப்பா.

"என்னம்மா சாப்பாடு?"

"தயிர்சாதம், சார். அவளுக்கு உசுரு இது. இப்ப வாயிலயே வைக்க மாட்டேங்கா."

"எனக்குக் கொஞ்சம் குடுங்க."

மாரீஸ்வரி டப்பாவை இறுக்கிப் பிடித்தாள். "வேண்டாம் சார். புளிச்சிருக்கும்."

பெரிய டாக்டர் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் மூடி திறந்தது. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறவில்லை. டப்பாவை ஆதிலட்சுமியிடம் தள்ளினார்.

அவளும் நாக்கில் வைத்தாள். தொண்டை வரை கசந்தது.

"எத்தனை மாத்திரை?" என்றார் அவர்.

"நாலும்தான், சார். முழுசாக் குடுத்தா துப்புதா. அதான் நுணுக்கிப் பிசைஞ்சேன். முதல்ல ஒண்ணு, அவ்வளவா தெரியல. ஒவ்வொண்ணாக் கூட்டவும்..." மாரீஸ்வரி ஆதிலட்சுமியின் பக்கம் திரும்பினாள். "நீங்கதானம்மா, எப்படியாச்சும் உள்ள போயிரணும்னு சொன்னீங்க?"

சொன்னதுதான். ஒவ்வொரு முறையும் சொன்னாள். நோட்டிலும் எழுதியிருந்தாள்: 'தாய் தவறாமல் கொடுக்கிறார்.' அதற்கு அடுத்த வரி: 'விஷ சந்தேகம் கூடியிருக்கிறது.' இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு விரல் இடம்கூட இல்லை.

பெரிய டாக்டர் கனிஷ்காவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நீ சொன்னது நிஜம். விஷம் இல்ல, மாத்திரை. ஆனா உனக்குத் தெரியாம கலந்திருக்கு. உன்னை நம்பாதது எங்க தப்பு."

அவள் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்ப அந்தக் குரலும் நிஜமா?"

"இல்லம்மா. அது நோய். அதுக்குத்தான் இது." மாரீஸ்வரியின் பையிலிருந்து வாங்கிய அந்த முதல் மாத்திரை அவர் உள்ளங்கையில் உடைக்காமல் இருந்தது. "மத்த மூணும் வேணுமா வேண்டாமான்னு டாக்டரம்மா உன்னைக் கேட்டு முடிவு பண்ணுவாங்க."

மாரீஸ்வரி கேன்டீனுக்கு ஓடினாள். வெறுஞ்சோறும் தயிரும் ஒரு பன்னும் வாங்கி வந்து, சோற்றை மகள் கண்ணெதிரே பிசைந்து, ஒரு உருண்டை நீட்டினாள். "இந்தா பாரு தாயி, ஒண்ணும் போடல. நீயே பாத்தல்லா?"

கனிஷ்கா மாத்திரையை எடுத்து விழுங்கினாள். உறை பிரிக்காத அந்தப் பன்னைத் தானே பிரித்துத் தின்றாள். அம்மாவின் கையிலிருந்த சோற்றை வாங்கவில்லை.