பூட்டிக் கிடந்த குரல்

அந்த மடத்துச் சீடர்கள் குருவின் உத்தரவு இல்லாமல் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். திலகவதியும் அப்படித்தான். குருவைவிட எட்டு வயது மூத்தவள். முப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவள்.

அவள் புருஷன் சடையப்பனுக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் குரலை ஒரு கருவியில் பதிவு செய்து வைத்தார்கள். அவர் எழுத்தைத் தட்டினால் அது அவர் குரலிலேயே பேசும். தினமும் காலையில் அது பேசுகிற முதல் பேச்சு, "திலகம், காப்பி எங்க?"

ஒருநாள் பேட்டரி உப்பிப்போனது. கருவியைச் செய்த கம்பெனி அந்தப் பேட்டரியை விற்பதையே நிறுத்திவிட்டது. திலகவதி வேறு கம்பெனி பேட்டரியைப் போட்டாள். அவ்வளவுதான், கருவி தானே பூட்டிக்கொண்டது.

மடத்துக்கு ஓடினாள்.

"பூட்டைத் திறக்கட்டுமா சாமி? எனக்கு அரைமணி நேர வேலை."

"சட்டம் என்ன சொல்லுது?"

"பெட்டி எங்களுக்குச் சொந்தமாம். உள்ள ஓடுற சாஃப்ட்வேர் அவங்களுக்குச் சொந்தமாம். பூட்டை உடைச்சா குத்தமாம். காசு குடுத்து வாங்கினது சாமி, இது என்ன நியாயம்?"

"அவங்களுக்கு எழுதிக் கேளுங்கம்மா. அனுமதி வரட்டும். பொறுங்க."

குரு சொன்னபின் மறுபேச்சு ஏது? எழுதினாள். ஏழு மாசம் எழுதினாள். சடையப்பன் சிலேட்டில் எழுதிக் காட்டினார். பிறகு விரல்களில் பலபம் நிற்கவில்லை. கடைசி நாள் உதடு மட்டும் அசைந்தது. என்ன வித்தை தெரிந்து என்ன, பாவி மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கருவியையும் கடிதத்தையும் குருவின் முன்னால் வைத்தாள்.

குரு வாசித்தார். 'கருவியைப் பயன்படுத்துபவர் தம் சொந்தக் குரலில் சம்மதம் தெரிவித்தால் பூட்டு நீக்கப்படும்.'

மறுபடியும் வாசித்தார்.

"கடைசியா என்ன சொன்னாரும்மா?"

"தெரியலையே சாமி! என் பேராத்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்." பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். "இப்பவாவது திறக்கட்டுமா? ஒரே ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்டுக்கிறேன். உத்தரவு குடுங்க சாமி."

குரு ஆசனத்தை விட்டு இறங்கி, அவளுக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"உத்தரவு குடுக்க நான் யாரும்மா? அன்னிக்கும் இதைத்தான் சொல்லியிருக்கணும்."