திறக்கக் கூடாத பத்திரிகை

பாளையங்கோட்டையில் எங்கள் குடியிருப்பின் முதல் மாடியில் மூன்று அறிவாளிகள் உண்டு: பியூலா, செண்பகவல்லி, நான். மூவரில் நானே தலை. கான்வென்டில் படித்தவள், முட்டாள்தனத்தைக்கூட இலக்கணப் பிழையில்லாமல் செய்வேன்.

ஒரு நாள் காலையில், தெரியாத எண்ணிலிருந்து என் வாட்ஸ்அப்புக்கு 'கல்யாணப் பத்திரிகை' என்று ஒரு ஃபைல் வந்தது. டவுன்லோடு பண்ணினேன். தட்டினால், இந்தச் செயலியை இன்ஸ்டால் செய்யவா என்று போன் கேட்கிறது. பத்திரிகையை எவளாவது இன்ஸ்டால் செய்வாளா? பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மிருதுளாவைக் கூப்பிட்டேன். மோசடியாக இருக்கும், திறக்காதே, தெரிந்தவர்களை எச்சரி, அழித்துவிடு என்று சொல்லிவிட்டு, மீட்டிங் என்று வைத்துவிட்டாள்.

அழிப்பதில்தான் சிக்கல். நாத்தனார் கோமதி மதினி மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு நான் போகாததால் நின்ற பேச்சு, இப்போதுதான் மறுபடி துளிர்த்திருக்கிறது. இது அவர் வீட்டுப் பத்திரிகையாக இருந்து, நான் அழித்துத் தொலைத்தால்?

சபை கூடியது.

"முகூர்த்தம் முடியாம பத்திரிகைய அழிக்கக் கூடாது. ஆகாது," என்றாள் செண்பகவல்லி.

"அப்போ முடிஞ்ச பிறகு அழிப்போம். தேதி என்னக்கா?" என்றாள் பியூலா.

"உள்ள இருக்கும்," என்றேன்.

"திறக்கக் கூடாதுல்லா?"

நியாயம் எந்தப் பக்கமும் இடிக்காமல் இருந்ததால், திருப்தியாகக் காபி குடித்தோம்.

அடுத்தது எச்சரிக்கை. எதைத் திறக்கக் கூடாது என்று காட்டாமல் எப்படி எச்சரிப்பது? ஃபைலையே எல்லாருக்கும் அனுப்பி, அடியில் 'தயவுசெய்து திறக்காதீர்கள்' என்று போட்டேன். மரியாதை முக்கியம். கோமதி மதினிக்கும் போனது.

உடனே அழைப்பு வந்தது. "உன் மக கல்யாணத்துக்குப் பத்திரிகையும் அனுப்பிட்டு, திறக்காதன்னும் சொல்லுதியோ? போன்ல விட்டெறிஞ்சா போதும்னு நினைச்சிட்ட, என்ன?" நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

மறுபடி சபை. நேரில் போய் வைக்காததுதான் குற்றம் என்று தீர்ப்பானது. கல்யாணமே இல்லையே என்று பியூலா இழுத்தாள். முதலில் மதினி சமாதானமாகட்டும், கல்யாணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் அடக்கினேன்.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், நடுவில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய என் போன். ஆட்டோ பிடித்து மதினி வீட்டுக்குப் போனோம். குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று குனிந்து நீட்டினேன். மதினி முகம் மலர்ந்துவிட்டது. தேதி கேட்டார். உள்ளே இருக்கிறது, திறக்கத்தான் கூடாது என்றோம்.

மதினி விரல்விட்டுக் கணக்குப் போட்டார். அத்தைக்காரி முந்தின நாளே வந்தாக வேண்டும். தேதியே தெரியாத கல்யாணத்துக்கு முந்தின நாள் எது?

"அப்போ இன்னைக்கே வந்திருதேன். அதான் பத்திரம்," என்று பெட்டியோடு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

பாதி வழியில் கேட்டார். "மாப்பிள்ளை என்ன செய்யுதாரு?"

"அதுவும் உள்ளதான் இருக்கும் மதினி," என்றாள் பியூலா.